அஞ்சல்வழி அமர்

போர் என்றவுடன் நம் மனக்கண்முன் தோன்றுவன களமும், படைக்கலமும், இரு திறத்தாரின் ஆரவாரமுமேயாம். தமிழிலக்கியம் பயில்வார்க்கு இக்காட்சி புதிதன்று. ஆநிரை கவர்தற்கு வெட்சி, எயில் வளைத்தற்கு உழிஞை, எதிர்நின்று பொருதற்குத் தும்பை, வெற்றிக்கு வாகை எனப் போரின் நிலை ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு பூவின் பெயரிட்டு இலக்கணம் வகுத்தவர் நம் முன்னோர். ஆயின், பொருவார் இருவரும் ஒருவரையொருவர் காணாது, வாயால் ஒரு சொல்லும் வழங்காது, நெடுந்தொலைவில் இருந்துகொண்டு, தபாற்காரர் கையிற் சேர்ப்பிக்கும் கடிதத்தால் மட்டுமே நிகழ்த்தும் போரும் உலகில் உண்டென்பதை நம்மிற் பலர் அறியார். அத்தகைய ஆட்டங்களின் இயல்பையும், அவற்றுள் நம் நாட்டிற்குரிய பங்கையும், அவற்றால் யாம் கற்ற பாடமொன்றையும் இக்கட்டுரையிற் கூற விழைகின்றோம்.

இப்பொருளில் எமக்கு ஆர்வம் பிறந்த இடம் எம் ஊராகிய பட்டினச்சேரியேயாம். காரைக்கால் பகுதியில், காவிரி கடலொடு கலக்கும் நாட்டின் மணற்கரையில், படகும் வலையுமே வாழ்வாகக் கொண்டோர் உறையும் சிற்றூர் அது. காரைக்கால் 1739-இல் பிரெஞ்சுக்காரர் கைப்பட்டு, இடையே சிலமுறை ஆங்கிலேயர் வசமாகி, 1954-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் முதல் நாளில் இந்திய ஆட்சியின்கீழ் வந்த நிலம். பிரெஞ்சு இந்தியாவுக்கென 1892 முதல் தனித் தபால்தலைகள் வழங்கின. இன்று காரைக்கால் புதுச்சேரி யூனியன் பிரதேசத்தைச் சார்ந்ததாயினும், தபால் இலாகாவின் கணக்கில் தமிழ்நாட்டு வட்டத்துள் அடங்கியதேயாம். ஆட்சியெல்லை பிரித்து வைத்ததைத் தபாற்பை ஒன்றாக்கி விடுகின்றது.

எம்மோடு பள்ளியில் ஒருங்கு பயின்ற தோழர் ஒருவர் மேற்படிப்பின் பொருட்டு நாகர்கோவிற் பக்கம் சென்றனர். கைப்பேசியில் நாள்தோறும் பேசுதல் எளிதாயிருந்தும், சதுரங்க ஆட்டம் ஒன்றைத் தபால் அட்டையில் மட்டுமே ஆடி முடிப்பதென இருவேமும் உடன்பட்டோம். அதனைத் தொடங்கியபின் இவ்வகை ஆட்டங்களின் வரலாற்றைத் தேடலாயினோம். அத்தேடலிற் கண்டதையே முதலிற் கூறுவாம். எம் ஆட்டத்தின் கதை பின்னர் வரும்.

அஞ்சலாட்டம் இருவகைப்படும். ஒன்று, இருவர் நேரே கடிதம் மாற்றிக்கொண்டு ஆடுவது, சதுரங்கம் அவ்வகையது. மற்றொன்று, பலர் தத்தம் கட்டளைகளைத் தாளில் எழுதி நடுவர் ஒருவர்க்கு விடுப்பது. நடுவர் அவற்றையெல்லாம் ஒருங்கு வைத்து, விதிப்படி விளைவைக் கணித்து, அவரவர்க்குரிய முடிவை எழுதி அனுப்புவர். அது கிடைத்த பின்னரே அடுத்த கட்டளை எழுதப்படும். அமெரிக்க நாட்டில் 1963-இல் ஜான் போர்டுமன் என்பார், வல்லரசுகளின் சூழ்ச்சியைப் பொருளாகக் கொண்ட 'டிப்ளமசி' என்னும் ஆட்டத்தை இம்முறையில் நடத்தத் தொடங்கினர். 1970-இல் ரிக் லூமிஸ் என்பார் அணுப்போர் பற்றிய ஆட்டமொன்றை அமைத்து, கட்டணம் பெற்று நடத்தும் தொழிலாகவே இதனை ஆக்கினர். 1980-களில் இத்தொழில் அந்நாட்டிற் பெரிதும் தழைத்தது.

அக்காலத்து எழுந்த ஆட்டங்களுள் எம் கருத்தை மிகவும் கவர்ந்தது 'டூவல்மாஸ்டர்ஸ்' என்பது. பின்னர் 'டூவல்-2' எனப் பெயர் பெற்ற இது, அரிசோனா மாநிலத்து 'ரியாலிட்டி சிமுலேஷன்ஸ்' என்னும் நிறுவனத்தாரால் கணிப்பொறியின் துணைகொண்டு நடத்தப்பட்டது. பண்டை ரோமாபுரியில் கிளாடியேட்டர் எனப்பட்ட களப்போர் வீரரின் வாழ்வே இதன் பொருள். ஆடுவோர் இதில் வீரர் அல்லர். வீரரைப் பயிற்றிக் களத்துக்கு அனுப்பும் தலைவர் ஆவர். தலைவர் ஒருவர்க்கு வீரர் ஐவர். வலிமை, உடலுறுதி, உருவளவு, மதிநுட்பம், மனத்திண்மை, விரைவு, கைத்திறன் என்னும் ஏழு பண்புகள் ஒவ்வொரு வீரனுக்கும் எண்களாற் குறிக்கப்படும். அவற்றின் பெரும்பகுதியை நிறுவனத்தாரே இட்டு அனுப்ப, எஞ்சிய சில எண்களைத் தலைவர் தம் விருப்பப்படி பங்கிடுவர்.

இப்பங்கீட்டிலேயே அறிவுக்கு வேலை தொடங்குகின்றது. உருவிற் பெரியவனாய் மதியிற் குறைந்த ஒருவன் வந்து சேர்ந்தால், எஞ்சிய எண்களை அவன் வலிமையிற் கூட்டி ஒரே அடியில் வெல்ல முயல்வதா, மதியிற் கூட்டி அவன் போர்த்தொழிலைக் கற்றுயர வழி செய்வதா என்பதைத் தலைவர் ஆராய வேண்டும். இதன்பின் பத்துவகைப் போர்முறைகளுள் ஒன்றை அவனுக்குரியதாகத் தெரிந்தெடுப்பர். பாய்ந்து குத்துதல் ஒருமுறை. குறிபார்த்து ஓரிடத்தைத் தாக்குதல் ஒருமுறை. படைக்கலத்தை ஓயாது வீசி அரண்போல் அமைத்துக்கொள்ளுதல் ஒருமுறை. தாக்காமலே தாங்கி நின்று எதிரியைக் களைப்புறச் செய்தல் மற்றொருமுறை. உடலுக்குப் பொருந்தாத முறையைத் தேர்ந்தால் வீரன் விரைவில் வீழ்வன்.

அடுத்து வருவது கட்டளைத்தாள். எக்கவசம், எப்படைக்கலம் என்பவற்றோடு, போரின் ஒவ்வொரு நிமிடத்துக்கும் அவ்வீரன் எவ்வளவு முனைந்து தாக்க வேண்டும், எவ்வளவு ஓடியாடித் திரிய வேண்டும், எதிரியின் உயிரைக் கொள்ளும் வேட்கை எவ்வளவு இருத்தல் வேண்டும் என்பவற்றைத் தலைவர் எண்களால் முன்னரே எழுதுதல் வேண்டும். முதல் நிமிடத்தில் முழு வன்மையொடு பாய்க என எழுதியவர், அப்பாய்ச்சியில் எதிரி வீழாவிடின் யாது நேரும் என்பதையும் எண்ணியிருத்தல் வேண்டும். மூன்றாம் நிமிடத்தில் மூச்சு வாங்கி நிற்கும் வீரனுக்குக் களத்தின் ஓரத்திலிருந்து கூவி அறிவுரை கூற இயலாது. தலைவர் அப்போது வேறோர் ஊரில் உறங்கிக்கொண்டிருப்பர். கட்டளைத்தாளோ தபாற்பையினுள் சென்று நாட்கள் பல ஆகியிருக்கும்.

பின்னர் ஒருநாள் விடை வரும். அடிக்கு அடி, தாங்கலுக்குத் தாங்கல், போர் நிகழ்ந்த வகையை உரைநடையில் விரித்துக் கூறும் தாள் அது. தன் வீரன் வென்றானோ, காயமுற்றுப் பணிந்தானோ, மாண்டானோ என்பது அதனைப் படிக்கும்போதுதான் தலைவர்க்குத் தெரியும். மாண்டவன் மீளான்; அவன் பெயர் பட்டியலினின்று நீங்க, புதியவனொருவன் அவ்விடத்துக்கு வருவன். போர்க்களத்தைக் காணாத வீட்டாருக்குத் தூதுவன் வந்து செய்தி சொல்லும் காட்சியொன்றை நாம் காப்பியங்களிற் படிக்கின்றோம் அன்றோ! அதனையே இத்தாள் எமக்கு நினைவூட்டுகின்றது.

உண்மைக் கிளாடியேட்டர்களின் கதை இத்துணை இனியதன்று. கி. மு. 264-இல் ஒரு செல்வர் வீட்டு ஈமச் சடங்கில் மூன்று இணை வீரர் பொருததே ரோமாபுரியில் இதன் தொடக்கம் என்பர் வரலாற்றாசிரியர். கி. பி. 80-இல் திறக்கப்பட்ட கொலோசியம் என்னும் பேரரங்கு இக்கொடுங்காட்சிக்கென்றே எழுப்பப்பட்டது. வலையும் முச்சூலமும் ஏந்தியவன் ஒருபுறம், பெருங்கேடயமும் மூடிய தலைச்சீராவும் உடையவன் மறுபுறமாகப் பொருதனர். பொருதவருள் மிகப் பலர் அடிமைகள். எரிமலைச் சாம்பரில் மூழ்கிக் கிடந்த பொம்பேயி நகரத்துச் சுவர்களில், வென்றான், விடுவிக்கப்பட்டான், மாண்டான் என்பவற்றைக் குறிக்கும் ஒற்றை எழுத்துக்கள் வீரர் பெயர்களுக்கருகே கீறப்பட்டிருப்பதை இன்றும் ஆராய்ச்சியாளர் படிக்கின்றனர். ஓர் உயிரின் முடிவு ஓர் எழுத்தில் அடங்கிவிட்டது! ஒனோரியுசு மன்னன் காலத்தில் தெலெமாக்கு என்னும் துறவி அரங்கினுள் இறங்கி வீரரைத் தடுக்க முயன்று, காண வந்தோரால் கல்லெறியுண்டு மாண்டார் என்றும், அதன்பின் மன்னன் அப்போர்களை நிறுத்தினன் என்றும் தியொதொரேத்து என்னும் திருச்சபை வரலாற்றாசிரியர் எழுதியுள்ளார்.

நம் நாட்டிலும் இருவர் எதிர்நின்று பொருத செய்திகள் உண்டு. சோழன் போர்வைக்கோப் பெருநற்கிள்ளி ஆமூர் மல்லனொடு பொருது வென்றதைச் சாத்தந்தையார் பாடியது புறநானூற்றின் 80-ஆம் பாட்டு. ஆண்டுப் புலவரின் கருத்து மல்லர் இருவரோடும் நிற்கவில்லை. களத்தில் இல்லாத தித்தன் என்பான் அப்போரைக் காண வேண்டுமென்று அவர் விழைகின்றார். அத்தித்தன் பெருநற்கிள்ளியின் தந்தை என்பர். தன் மகன் பொருவதை நேரிற் காணாது எங்கோ இருந்த தந்தையை எண்ணும்போது, அஞ்சலாட்டத்துத் தலைவரின் நிலையும் எமக்கு விளங்குகின்றது. ஒரு வேறுபாடு மட்டும் உண்டு: அஞ்சலாட்டத்தில் வீரன் தாளிற் பிறந்து தாளில் மாய்கின்றான், எந்தத் தாயும் அழுவதில்லை.

நிற்க. அமெரிக்கர் 20-ஆம் நூற்றாண்டிற் கண்ட இவ்வழியில் நம் சென்னை அதற்கு 135 ஆண்டுகட்கு முன்னரே நடந்தது என்பதை அறிந்தபோது எமக்கு உண்டான வியப்பு பெரிது. ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரத்தாரும் லண்டன் நகரத்தாரும் 1824 முதல் 1828 வரை கடிதவழியாற் சதுரங்கம் ஆடினர். எடின்பரோ நகரத்தார் வென்றனர். அவர் ஆடிய தொடக்கமே 'ஸ்காட்ச்' தொடக்கம் என்னும் பெயரால் இன்றும் வழங்குகின்றது. அவ்வாட்டம் முடிவுற்ற அதே 1828-இல், சென்னைக்கும் ஐதராபாத்துக்கும் இடையே கடிதவழிச் சதுரங்கப் போட்டியொன்று நிகழ்ந்தது. ஆட்டங்கள் இரண்டு. சென்னைத் தரப்பை முதன்மையாக நின்று நடத்தியவர் குலாம் காசிம் என்னும் இந்தியர். அவரும் சென்னை சிவில் உத்தியோகத்தராகிய ஜேம்ஸ் காக்ரேன் என்பாரும் சேர்ந்து அவ்விரண்டு ஆட்டங்களையும், 'முசியோ' என்னும் தொடக்கத்தைப் பற்றிய ஆராய்ச்சியையும் ஒரு நூலாக்கி 1829-இற் சென்னையில் அச்சிட்டனர்.

அக்காலத்துத் தபாலின் நிலையைச் சற்று எண்ணிப் பார்ப்போமாக. இந்நாடெங்கும் செல்லும் தபால்தலை வந்தது 1854-இல். தென்னாட்டில் முதல் இருப்புப்பாதை இராயபுரத்திலிருந்து வாலாஜா வரை ஓடத் தொடங்கியது 1856-இல். ஆகவே 1828-இல் தலையும் இல்லை, இரயிலும் இல்லை, தந்தியும் இல்லை. கடிதத்தின் எடைக்கும் செல்லும் தொலைவுக்கும் ஏற்பக் கூலி வாங்கப்பட்டது. சென்னைக்கும் ஐதராபாத்துக்கும் இடையே 500 கிலோமீட்டருக்கு மேற்பட்ட தொலைவு. தோளிற் பையைச் சுமந்த தபால் ஓட்டக்காரர் ஒருவர் கையினின்று ஒருவர் கைக்கு அதனை மாற்றி மாற்றி, வெயிலிலும் மழையிலும், கிருஷ்ணையாற்றைக் கடந்தும் ஓடினர். ஒரு குதிரையைக் கட்டம் மாற்றி வைக்க வேண்டி உண்மை மனிதர் எத்துணைபேர் நடந்திருப்பர்! அவ்வாட்டத்தை ஆடியோர் பெயர்கள் நூலில் உள்ளன. அதனைச் சுமந்தோர் பெயர்களோ எவர்க்கும் தெரியா.

குலாம் காசிம் ஆராய்ந்த முசியோத் தொடக்கமும் நாம் கருதத்தக்கது. வெள்ளைக் காயினர் தம் குதிரையொன்றை எதிரிக்கு வேண்டுமென்றே இழந்து, அதற்கு ஈடாக எதிரியரசன்மேல் விரைந்து பாயும் வழியைப் பெறுவது அது. நேரில் ஆடுவோர் பரபரப்பிற் செய்யும் துணிவுச் செயலை, கடிதத்துக்கும் கடிதத்துக்கும் இடைப்பட்ட நாட்களில் அமைதியாக ஆய்ந்து, அதன் நன்மை தீமைகளை வரிசையாக எழுதினர் சென்னையார். விளையாட்டு ஆராய்ச்சியாக மாறியது அஞ்சலின் மெதுவான நடையாலேயே என்று கூறலாம். அவர் பெயரைத் தாங்கிய தொடக்கமொன்று சதுரங்க நூல்களில் இன்றும் இடம்பெறுகின்றது. 'முதல் இந்தியக் கிராண்ட்மாஸ்டர்' என 1988-இற் புகழ்பெற்ற விசுவநாதன் ஆனந்த் பிறந்த மயிலாடுதுறை எம் ஊருக்கு அண்மையது. மன்னார்குடியை அடுத்த திருப்பூவனூர்க் கோயிலின் இறைவர்க்கே சதுரங்க வல்லபநாதர் என்பது பெயர். ஆயினும் குலாம் காசிமின் பெயரை எம்மூரில் யாம் கேட்டாருள் ஒருவரும் அறிந்திலர்.

இனி, கடிதச் சதுரங்கம் நடைபெறும் முறையைச் சிறிது விளக்குவாம். ஆடுவோர் இருவரும் தத்தம் வீட்டில் ஒரு பலகையைப் பரப்பி வைத்துக்கொள்வர். பலகையின் எட்டு நெடுவரிசைகட்கும் எட்டுக் குறுக்குவரிசைகட்கும் 1 முதல் 8 வரை எண் இடப்படும். ஆகவே ஒவ்வொரு கட்டத்துக்கும் ஈரிலக்க எண் ஒன்று உண்டு. காய் நின்ற கட்டத்தையும் சென்ற கட்டத்தையும் சேர்த்து எழுதினால் நான்கே இலக்கத்தில் ஒரு நகர்வு அடங்கிவிடும். வெள்ளையரசன் முன்னுள்ள காலாள் இரண்டு கட்டம் முன்னேறுவதை 5254 என எழுதுவர். தமிழரும் உருசியரும் ஒருவர் மொழியை ஒருவர் அறியாமலே இவ்வெண்களால் ஆண்டுக்கணக்கில் உரையாடலாம். 1951-இல் தோன்றிய அனைத்துலகக் கடிதச் சதுரங்கக் கூட்டமைப்பின் போட்டிகளில் இவ்வெண்முறையே வழங்கியது.

காலக்கணக்கும் விதிக்கு உட்பட்டதே. கடிதம் வழியிற் கழிக்கும் நாட்கள் எவர் கணக்கிலும் சேரா. கையிற் கிடைத்த நாள்முதல் விடை விடுத்த நாள்வரை உள்ளதே ஆடுவோர் செலவிட்ட காலம். பத்து நகர்வுக்கு முப்பது நாள் என்பது பெருவழக்கு. தபாலாபீசு முத்திரையே சான்று. கடல்கடந்த ஆட்டத்தில் கடிதமொன்று செல்லப் பத்து நாளும், எண்ணிப் பார்க்க மூன்று நாளும் ஆகுமாயின், இருவரும் ஒருமுறை நகர்த்த 26 நாள் கழியும். நாற்பது நகர்வுடைய ஆட்டம் முடிய மூன்றாண்டுக்குச் சற்றுக் குறைந்த காலம் செல்லும். முதல் உலகப் போட்டியின் இறுதிச் சுற்று 1950-இல் தொடங்கி 1953-இல் முடிந்து, ஆஸ்திரேலியராகிய செசில் பர்டி வாகை சூடினர் என்றால் வியப்பில்லை.

காலத்தைச் சுருக்க ஒரு வழியும் உண்டு. 'நீர் இவ்வாறு நகர்த்துவீராயின், எம் விடை இது' என முன்னரே எழுதிவிடலாம். எதிரி அவ்வாறே நகர்த்தினால் அவ்விடை எழுதியவரைக் கட்டுப்படுத்தும். தபாலில் இட்ட நகர்வையும் திரும்பப் பெற இயலாது. எழுதுகையில் ஓர் எண் பிழைபட்டாலும், அந்நகர்வு விதிக்கு இயைந்ததாயின், எழுதியதே நிலைபெறும். எம் ஊரில் அண்டைவீட்டுப் பெரியவர் ஒருவர், முதுமையாற் கடற்றொழிலை விட்டவர், திண்ணையில் எம் பலகையருகே அமர்ந்து இவ்விதிகளைக் கேட்டறிந்தார். "மாலையில் வலையை விட்டுவிட்டுக் கரைக்கு வந்தபின், விட்ட இடம் தப்பு என்று இராத்திரி தோன்றினால் என்ன செய்ய முடியும், தம்பி? விடியும் மட்டும் இருக்கவேண்டியதுதான்" என்றார். இவ்விதியை இதனினும் தெளிவாக விளக்கினாரை யாம் கண்டிலேம்.

இனி எம் ஆட்டத்துக்கு வருவோம். சென்ற ஆண்டு ஜூன் திங்களிற் தொடங்கினோம். எமக்கு வெள்ளைக் காய். ஒரு சுற்று முடியப் பத்துநாள் முதல் பன்னிரண்டு நாள்வரை ஆயிற்று. ஏழாம் நகர்வில் யாம் எண்ணை மாற்றி எழுதிவிட்டோம். அட்டையைப் பெட்டியில் இட்ட அன்றிரவே அதனை உணர்ந்தோம். எழுதியபடி கொண்டால் எம் குதிரை ஒன்று வீணே போயிருக்கும். விடை வரும்வரை அந்நினைவு எம்மைவிட்டு அகலவில்லை. வந்த விடையில் தோழர் எழுதியிருந்தார்: "நீ எழுதிய எண்ணின்படி உன் குதிரை எனக்கு வரும். அது உன் கருத்தாயிராது என்று நினைக்கின்றேன். வேண்டியது இன்னதென்று மறு அட்டையில் எழுது." விதி அவர் பக்கம் இருந்தது, குதிரையும் அவர்க்குரியதே. ஆயினும் அவர் பத்துநாள் காத்திருக்க இசைந்தார்.

அதன்பின் நிகழ்ந்ததை எழுதக் கை கூசுகின்றது. எனினும் எழுதாவிடின் இக்கட்டுரை பொய்யாகும். கிறிஸ்மஸ் விடுமுறைக்குப் பட்டினச்சேரி வந்திருந்தோம். பத்தொன்பதாம் நகர்வு எம்முடையது. எம் அரசன் நெருக்குண்டிருந்தான். மூன்று நாள் எண்ணியும் வழி தோன்றவில்லை. நான்காம் நாளிரவு, வீட்டார் உறங்கியபின், கைப்பேசியில் உள்ள சதுரங்கப் பொறியினுள் அந்நிலையை இட்டுப் பார்த்தோம். இமைப்பொழுதில் அது ஒரு நகர்வைக் காட்டிற்று. யாம் ஒருகாலும் கண்டிருக்கமாட்டோம், அத்துணை நுட்பமானது. மறுநாட் காலை அதனை அட்டையில் எழுதித் தபாற்பெட்டியில் இட்டோம்.

வெல்லும் நிலை வந்தும் மகிழ்ச்சி வரவில்லை. அடுத்துவந்த அட்டையில் தோழர், "இதனைக் கண்டுபிடிக்க எத்தனை நாள் ஆயிற்று? நான் இரண்டு நாளாகப் பலகையையே பார்த்துக்கொண்டிருக்கின்றேன். மிக நன்று" என எழுதியிருந்தார். அப்புகழ்ச்சி எம்மைச் சுட்டது. அவர் பொருதது எம்மோடு அன்று. யாம் எம் பெயரை இட்டு அனுப்பிய வேறொன்றோடு. ரோமாபுரிச் செல்வர், தாம் கரையில் அமர்ந்து, தம் பெயர் விளங்க அடிமையைக் களத்தில் இறக்கியதற்கும் இதற்கும் வேற்றுமை யாது? அன்று மாலையே மூன்று வரியில் உண்மையை எழுதி, ஆட்டத்தில் எம் தோல்வியை ஒப்பி, அட்டையைச் சேர்ப்பித்தோம். விடை வர எட்டு நாள் ஆயிற்று. எட்டு நாளும் எட்டு ஆண்டு போலக் கழிந்தன. வந்த அட்டையில் இரண்டே வரி: "உன் தோல்வியை ஒப்புக்கொண்டேன். அடுத்த ஆட்டத்தில் எனக்கு வெள்ளை. முதல் நகர்வு 4244."

எம் சிறுகதை இஃதாயினும், உலகெங்கும் இவ்வாட்டத்துக்கு நேர்ந்த இடரும் இதுவே. 1997-இல் டீப் புளூ என்னும் கணிப்பொறி உலக வீரராகிய காஸ்பரோவை வென்றது. அதன்பின் சில ஆண்டுகளில் அதனினும் வல்ல பொறிகள் மாணவர் சட்டைப்பைக்குள் வந்துவிட்டன. தனியறையில் இருந்து ஆடுவோர் பொறியை வினவினாரா என்பதைக் கண்டறிய வழியில்லை. ஆகவே மேற்கூறிய கூட்டமைப்பார் தம் போட்டிகளிற் பொறியின் உதவியை விதியாலேயே இசைந்துவிட்டனர். இரு திறத்தாரும் பிழையற ஆடுதலின் பெரும்பாலான ஆட்டங்கள் வெற்றி தோல்வியின்றிச் சமனாய் முடிகின்றன. அதனைக் குறைகூற யாம் முன்வரவில்லை. விதியே இசைந்தவிடத்துப் பொய் இல்லை. பொறியைக் கருவியாகக் கொண்டு ஆழ ஆராய்தலும் ஒரு கல்வியே. ஆயின், உதவி கொள்வதில்லை என இருவர் தம்முள் உடன்பட்டு ஆடுமிடத்து, அவ்வுடன்பாட்டைக் காக்க முத்திரையும் நடுவரும் உதவா. மற்றவர் காணாத அறையில் நாம் யாராயிருக்கின்றோம் என்பதொன்றே அதற்குக் காவல்.

கிளாடியேட்டர் ஆட்டத்துக்கும் சதுரங்கத்துக்கும் பொதுவாகிய பயன்களை இனித் தொகுத்துக் கூறுவாம். முதலாவது, முன்னறிதல்: செயலின் விளைவை அது நிகழுமுன் எண்ணி, எண்ணியதை ஐயமின்றி எழுதும் பழக்கம். இரண்டாவது, பொறுத்தல்: விட்ட கட்டளையின் பயனை, அது எதுவாயினும், முணுமுணுப்பின்றி ஏற்கும் இயல்பு. மூன்றாவது, காணாத ஒருவரிடத்து மெய்ம்மை. இம்மூன்றாவதைக் கற்பிக்கும் ஆட்டங்கள் மிகச் சில. பந்தாட்டக் களத்தில் நடுவர் உளர்; காண்போர் உளர். தபால் அட்டைக்கும் நமக்கும் இடையே எவரும் இலர்.

ஆசிரியர் பெருமக்கட்கும், இக்கல்லூரியிற் பயின்று பல ஊர்களிற் பரந்து வாழும் பழைய மாணவர்கட்கும் ஒரு விண்ணப்பம். விடுதியின் பொதுவறையில் சதுரங்கப் பலகையொன்று நெடுநாளாக உள்ளது. அதன் ஒருபுறம் இன்றைய மாணவரும், மறுபுறம் பழைய மாணவரும் நிற்க, ஆண்டுக்கு ஓர் ஆட்டம் தபால் அட்டையிலேயே நடைபெறுமாயின், சென்னையார் 1828-இற் காட்டிய வழியை நாமும் பின்பற்றியவராவோம். நகர்வுகளை அடுத்த மலரில் அச்சிடலாம். அட்டைகளை நூல்நிலையத்திற் சேர்த்து வைக்கலாம்.

எம் இரண்டாம் ஆட்டம் இப்போது ஆறாம் நகர்வில் நிற்கின்றது. பலகை பட்டினச்சேரித் திண்ணையில் இருக்கின்றது. விடுமுறைக்குச் செல்லும்போதெல்லாம் அண்டைவீட்டுப் பெரியவர், "காகிதம் வந்ததா, தம்பி?" எனக் கேட்கின்றார். வரவில்லை என்றால் கடலைப் பார்த்தபடி, "வரும்" என்கின்றார்.